மைதானத்தில் யாருக்கு இடம்? சிவகாசி வட்டாரக் கல்லூரிகளும் மாற்றுத்திறனாளிப் பார்வையாளர்களும்

விளையாட்டு, மாற்றுத்திறனாளி என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னால் நமக்கு உடனே ஞாபகம் வருவது வீரர்கள்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு. 2024 பாரிஸில் பாட்மின்டனில் வெள்ளி வாங்கிய காஞ்சிபுரத்து துளசிமதி. காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில் 2022ல் மூன்று தங்கம் கொண்டுவந்த, நமக்குப் பக்கத்து ஊரான மதுரையின் ஜெர்லின் அனிகா.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது இல்லை. மைதானத்துக்கு வெறுமனே பார்க்க வருகிறவர்களைப் பற்றியது. ஒரு கல்லூரியில் விளையாட்டு விழா நடக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர், செயற்கைக்கால் போட்டிருப்பவர், கண் தெரியாதவர், காது கேட்காதவர் யாராவது வந்து, உட்கார்ந்து, முழுப் போட்டியையும் பார்த்துவிட்டு, அடுத்தவர் தூக்கிவிடாமல் வீடு திரும்ப முடியுமா? இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தை வைத்து யோசித்துப் பார்த்த குறிப்புகள் இவை.

ஏன் இந்த மாவட்டம்?

முதல் காரணம், இங்கே கல்லூரி மைதானம்தான் பல ஊர்களுக்குப் பெரிய மைதானம். விருதுநகரில் 1947ல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகாசியில் 1963ல் வந்த அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968ல் வந்த ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி, 1984ல் வந்த மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி, கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் என்று வரிசையாகச் சொல்லலாம். பெரும்பாலானவை ஊர்க்காரர்களும் தொழில் குடும்பங்களும் சேர்ந்து கட்டியவை. காலையில் நடப்பவர்கள், பல்கலைக்கழகப் போட்டிக்கு வருகிறவர்கள், பிள்ளை ஓடுவதைப் பார்க்க வரும் அப்பா அம்மா என்று மாணவர்கள் அல்லாத கூட்டம் இந்த மைதானங்களுக்குள் வந்து போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் பட்டாசு. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருந்துதான் போகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் செத்துப்போனார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் சுமார் 20 பேர். இந்த எண்ணிக்கை நமக்கு ஞாபகம் இருக்கும். அதே செய்தியின் இரண்டாவது வரியில் "படுகாயம்" என்று இன்னொரு எண் இருக்கும். அது மறுநாள் பேப்பரோடு போய்விடும். ஆனால் அந்த எண்ணில் இருப்பவர்கள் எங்கேயும் போகவில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வீட்டுக்கு வந்து, நம் தெருவிலேயே வாழ்கிறார்கள்.

வெடி விபத்தில் பிழைப்பது உடம்பை என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டால்தான் மைதானத்தில் என்ன வேண்டும் என்பது புரியும். கை கால் போவது ஒரு வகை. ஆழமான தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கி, முழங்கை, விரல், கழுத்து மடங்கியபடியே நின்றுவிடுவது இன்னொரு வகை. வெடியின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்து காது மந்தமாகலாம். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. தொடையில் இருந்தோ முதுகில் இருந்தோ தோலை எடுத்து ஒட்டிய இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் வேலை செய்யாது. உடம்பில் பெரிய பரப்பு அப்படி ஆகிவிட்டால், வெயிலில் உடம்பால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது. விருதுநகர் வெயிலில் இது சாதாரண விஷயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது. அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் தனி வகையாக இருக்கிறார்கள். தீக்காயத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தனி வகையாக இல்லை. கை கால் இயக்கம் எவ்வளவு போயிருக்கிறது, காது எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்து வேறு தலைப்பின் கீழ்தான் அவர்கள் வர வேண்டும். பட்டாசுத் தொழில் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே அப்படி இல்லை.

நம் கேள்விக்கு முக்கியமானது அந்தச் சட்டத்தில் "பொதுக் கட்டடம்" என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கம். அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்துபோகிற எதுவானாலும் பொதுக் கட்டடம்தான். கல்விக்கான கட்டடம், பொழுதுபோக்குக்கான கட்டடம் எல்லாம் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே "நாங்க தனியார் கல்லூரி, இது எங்க கிரவுண்டு" என்ற பதில் செல்லாது.

ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லாம், விதிகள் அறிவிக்கப்பட்டதில் இருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன் 15. கெடு முடிந்தது 2022 ஜூன். மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் 50,000ல் இருந்து 5 லட்சம் வரை.

இவ்வளவு இருந்தும் ஏன் நடக்கவில்லை? ஒரு காரணம் விதியிலேயே இருந்தது. ரஜீவ் ரத்தூரி என்ற பார்வைக் குறைபாடுள்ளவர் 2005ல் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி ஒரு தீர்ப்பு சொன்னது. சட்டம் "கட்டாயம்" என்கிறது, ஆனால் அதன் கீழ் வந்த 15(1)ஆம் விதி வெறும் வழிகாட்டுதல்களைத்தான் அடுக்குகிறது, எனவே அந்த விதி சட்டத்துக்குப் பொருந்தாது என்றது தீர்ப்பு. மாற்றவே முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து, மூன்று மாதத்தில் கட்டாய விதிகளாகக் கொண்டுவரச் சொன்னது.

என் தொழில் மென்பொருள். எங்கள் பாஷையில் சொன்னால், "இப்படி எழுதினால் நல்லது" என்று ஆவணத்தில் இருப்பதை யாரும் செய்ய மாட்டார்கள். "இது இல்லாவிட்டால் புரோகிராம் ஓடாது" என்று இருந்தால் எல்லாரும் செய்வார்கள். உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது கிட்டத்தட்ட இதைத்தான்.

பட்டியலில் இல்லாத ஆள்

இரண்டாவது காரணம் கல்லூரிகளுக்கு உள்ளேயே இருக்கிறது. தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் அமைப்பு பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளில், ஏழாவது அளவுகோலின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி பற்றி ஒன்று உண்டு. அதில் சாய்தளமோ லிஃப்டோ இருக்கிறதா என்று கேட்கும் வரியைக் கவனியுங்கள். வகுப்பறைகளுக்கு எளிதாகப் போவதற்கு என்றுதான் அது கேட்கிறது. மைதானத்துக்கு என்று கேட்கவில்லை. எது கேட்கப்படுகிறதோ அது கட்டப்படுகிறது, படம் எடுத்துக் கோப்பில் வைக்கப்படுகிறது.

சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்லூரி வளாகம் முழுவதையும் அணுகத்தக்கதாக வைக்கச் சொல்கிறது, ஆனால் பேசுவது மாணவர்களின் கல்வியை மனதில் வைத்து. 30ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றிப் பேசுகிறது, அங்கே மனதில் இருப்பது விளையாடுகிறவர். உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடும் மாணவருக்குத்தான். இவை எல்லாமே தேவை. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருப்பதும் நல்ல விஷயம். ஆனால் இந்தப் பட்டியல்கள் எதிலும் பார்வையாளர் நேராக நிற்கவில்லை. அவர் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அவர் வரவில்லை என்றால் அட்டென்டன்ஸில் குறையாது. யாருக்கும் தெரியவே தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் சாத்தூர்ப் பக்கம் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தவர். விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, கை இரண்டிலும் தோல் ஒட்டியிருக்கிறார்கள். மகள் கல்லூரியில் 800 மீட்டர் ஓடுகிறவள். மூன்று வருடமாக ஓடுகிறாள், ஒரு முறைகூட இவர் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு விடுவார், சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் காத்திருப்பார்.

"உள்ள போகலாம்ல அண்ணாச்சி" என்றேன்.

"உள்ள போயி எங்கன தம்பி உக்காருறது? கேலரிப் படி ஏற முடியாது. கீழ போட்டிருக்க சேரு எல்லாம் சீஃப் கெஸ்ட்டுக்கு. வெயில்ல அரை மணி நேரம் நின்னா இந்தக் கை நெருப்புல வச்ச மாதிரி ஆயிரும். நம்மளால பிள்ளைக்கு எதுக்குச் சங்கடம்?"

யார் மேலும் அவருக்குக் கோபம் இல்லை. தனக்கு அங்கே இடம் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. கல்லூரியிலும் யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் தடுக்காமலேயே ஒருவர் மூன்று வருடம் வெளியே நின்றிருக்கிறார்.

மிச்சிகனில் நடந்தது

கல்லூரி மைதானத்தின் பார்வையாளர் இடத்துக்காகவே நடந்த ஒரு வழக்கு அமெரிக்காவில் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியம் 1927ல் திறந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். அவ்வளவு பெரிய இடத்தில் சக்கர நாற்காலிக்கான இடம் நூறைக்கூடத் தொடவில்லை, அதுவும் மைதானத்தின் இரண்டு கோடிகளில் மட்டும். உடல் செயலிழந்த முன்னாள் ராணுவத்தினரின் மிச்சிகன் சங்கம் 2007ல் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதித்துறை அமைச்சகமும் அதில் சேர்ந்துகொண்டது.

பல்கலைக்கழகத்தின் வாதம் நமக்கும் பழக்கமானதுதான். கான்கிரீட்டை மாற்றியது எல்லாம் "ரிப்பேர்" வேலை, புதுக் கட்டுமானம் இல்லை, ஆகவே புது விதி பொருந்தாது என்றார்கள். 2008 மார்ச்சில் சமரசம் ஆனது. 2010க்குள் 329 சக்கர நாற்காலி இடங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் துணைக்கு வருகிறவருக்கு ஒரு இருக்கை, அதுவும் பல பக்கங்களிலும் பரவலாக என்று முடிவானது.

அந்த நாட்டு விதியில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 500 பேர் உட்காரும் அரங்கம் என்றால் 6 சக்கர நாற்காலி இடம். 2,000 பேர் என்றால் 16. 5,000 பேர் என்றால் 36, அதற்கு மேல் ஒவ்வொரு 200 பேருக்கும் ஒன்று. முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பது வழக்கமான இடங்களில், அவர்கள் எழுந்து நின்றாலும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மைதானம் தெரிய வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. கடைசிச் சுற்றில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் இல்லையா? அந்த நிமிஷத்தைப் பார்க்கத்தானே வந்தோம்?

கேட்டில் இருந்து இருக்கை வரை

இனி நம் மைதானத்துக்கு வருவோம். இதை ஒரு சங்கிலியாகப் பாருங்கள். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மீதி எல்லாம் வீண்.

*பஸ்ஸும் வண்டியும்:* தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த பஸ்ஸின் படி உயரம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் நம் பக்கத்தில் பலருக்கும் உண்மையான சக்கர நாற்காலி, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர்தான். அந்த வண்டியைக் கேட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, மைதானம் முன்னூறு மீட்டர் தள்ளி என்றால் அங்கேயே கதை முடிந்தது. வண்டி மைதானத்தின் ஓரம் வரை போகலாம் என்று வாட்ச்மேனுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதற்குச் செலவே இல்லை.

*சாய்தளம்:* 1க்கு 12 என்பது அடிப்படைக் கணக்கு. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ. அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வர வேண்டும். இருக்கிற இடத்துக்குள் அடக்குகிறேன் என்று 2 மீட்டரில் முடித்தால் சரிவு 1க்கு 4ஐ நெருங்கிவிடும். அதில் சக்கர நாற்காலியைத் தனியாக ஏற்றவும் முடியாது, இறக்கவும் பயம். படம் எடுக்க மட்டும் அது சாய்தளம். வழுவழு டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஊன்றுகோல்காரருக்கும் ஆபத்து.

*உட்காரும் இடம்:* கேலரியின் உச்சிக்குச் சாய்தளம் போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மேடை போதும். எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையில் இருந்து சுமார் 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவருக்கு ஒரு மீட்டர் முன்னால் 170 செ.மீ. உயர ஆள் நிற்கிறார். ஓடுதளம் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிற்பவரின் தலைக்கு மேலாக ஓடுதளம் தெரிய வேண்டுமென்றால் கண் 189 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது மேடை சுமார் 75 செ.மீ. அதற்கு 9 மீட்டர் சாய்தளமும் நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். ஆறு சக்கர நாற்காலி, ஆறு துணை இருக்கை என்றால் மேடை 9 மீட்டருக்கு 3 மீட்டர். விழா மேடைக்கு நாம் கட்டுவதைவிடச் சின்னது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விளிம்பில் வைக்கும் கம்பியை 110 செ.மீ. உயரத்தில் வைத்துவிட்டால் அது சரியாகக் கண்ணை மறைக்கும்.

*நிழல்:* எந்த நாட்டு வழிகாட்டுதலைப் படித்தாலும் சாய்தளத்துக்குக் கொடுக்கும் இடத்தை நிழலுக்குக் கொடுப்பதில்லை. அவை பெரும்பாலும் குளிர்ப் பிரதேசங்களில் இருந்து வந்த தரங்கள். சிவகாசி வட்டாரத்தில் முதலில் எழுத வேண்டியது நிழல் என்று நினைக்கிறேன். தோல் ஒட்டியவருக்கு நிழலும் குடிதண்ணீரும் இல்லாத இடம், படிக்கட்டு ஏற முடியாதவருக்குப் படிக்கட்டு மாதிரிதான். விழாவுக்கு எப்படியும் சாமியானா போடுகிறோம். அதன் ஒரு பகுதி மேடைக்கு மேலே நீண்டால் போதும்.

*கழிப்பறை:* கதவு 90 செ.மீ. அகலம், உள்ளே வண்டி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், மேற்கத்திய கோப்பை, பிடித்துக்கொள்ளக் கம்பி. பல இடங்களில் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் பூட்டு தொங்கும், சாவி பி.டி. சாரிடம் இருக்கும், பி.டி. சார் ஓடுதளத்தில் நிற்பார். உள்ளே பழைய வலையும் சுண்ணாம்பு மூட்டையும் கிடக்கும். கழிப்பறை இருக்காது என்று தெரிந்தால் மனிதர்கள் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், இல்லையென்றால் வரவே மாட்டார்கள். பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம்.

*காது:* கலசலிங்கத்தில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்று தனியாகப் பொறியியல் படிப்பே நடக்கிறது. ஆக, காது கேட்காத பார்வையாளர் என்பது இங்கே கற்பனை ஆள் இல்லை. காது கேளாதோர் ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பதில் விளக்கு எரிந்து பந்தயம் தொடங்கும். பார்வையாளருக்கும் அதே தத்துவம்தான். மைக்கில் சொல்வது எல்லாம் எங்காவது எழுத்திலும் வர வேண்டும். எந்தப் போட்டி, எந்தச் சுற்று, யார் ஜெயித்தார் என்று ஒரு கரும்பலகையில் எழுத ஒரு மாணவரை நிறுத்தலாம்.

*கண்:* இதில் நமக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஊர்க் கபடிப் போட்டியில் மைக் பிடிக்கிறவர் யார் ரெய்டு போகிறார், எந்தப் பக்கம் நகர்கிறார், யார் காலைப் பிடித்தார் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கண் தெரியாதவர் அங்கே உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் ரசிக்கலாம். ஐரோப்பாவில் பல கால்பந்து மைதானங்களில் இதையே தனி வர்ணனையாக ஹெட்போனில் கொடுக்கிறார்கள். நம் கல்லூரி விழாவில் மட்டும் மைக் "அடுத்த போட்டிக்கு ரிப்போர்ட் பண்ணவும்" என்பதோடு நின்றுவிடுகிறது. கபடி மைக்காரரை ஒரு நாள் கூப்பிட்டால் போதும்.

*வெடி:* நம் ஊரில் விழா என்றால் சரவெடி. வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, அதுதான் ஊரின் சோறு. ஆனால் வெடி விபத்தில் தப்பியவர்களில் சிலருக்கு எதிர்பாராத நேரத்துச் சத்தம் உடம்பையே உலுக்கிவிடும். எப்போது, எந்தப் பக்கம் வெடிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே மைக்கிலும் பலகையிலும் சொல்லலாம். மேடைக்கு எதிர்ப் பக்கம் தள்ளி வெடிக்கலாம். கூட்டம் கலைந்து ஓடும்படி ஏதாவது நடந்தால் மேடையில் இருப்பவர்களை யார், எந்த வழியாக இறக்குவார்கள் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டியபின்

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலைக்குப் பக்கம் வரை போக 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பர் கடைசியில் திறக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. அப்புறம் சரிசெய்து மறுபடி திறந்தார்கள். பலர் முதல் பாதியை வைத்துக் கேலி பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டாம் பாதி. உடைந்ததைச் சரிசெய்யப் பொறுப்பான ஆளும் பணமும் இருந்ததால்தான் அது இன்றைக்கும் பாதை. கல்லூரி மைதானத்திலும் அப்படித்தான். கைப்பிடி துருப்பிடிக்கும், மண் அரித்துச் சாய்தளத்தின் அடியில் மூன்று அங்குலப் பள்ளம் விழும், யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்துவார்கள். விழாவுக்கு முந்தின நாள் ஒரு ஆள் கேட்டில் இருந்து இருக்கை வரை, இருக்கையில் இருந்து கழிப்பறை வரை ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தெரிந்துவிடும்.

தேர்தல் நாளில் நம் பள்ளி வாசல்களில் சாய்தளமும் சக்கர நாற்காலியும் தள்ளிவிட ஒரு தன்னார்வலரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ண வேண்டிய ஓட்டு என்றதும் ஒரே இரவில் எல்லாம் வந்துவிடுகிறது. பணமோ இடமோ இல்லை என்பது முழுக் காரணம் இல்லை என்று அதில் இருந்தே தெரிகிறது.

இந்த வருஷமே செய்யக்கூடியது

நிரந்தர மேடைக்கு நிர்வாகக் குழுவில் பேச வேண்டும், பட்ஜெட் வேண்டும், அது நடக்கட்டும். பணம் இல்லாமல் இந்த விளையாட்டு விழாவுக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கு அனுப்பும் அழைப்பிதழில் கீழே இரண்டு வரி: "சக்கர நாற்காலி, ஸ்கூட்டர், நிழலில் இருக்கை அல்லது வேறு உதவி தேவைப்படுபவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும். மைதானத்தின் ஓரத்தில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது." கூடவே ஒரு போன் நம்பர்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் எந்தக் கல்லூரி வாசலுக்கு வருவார்கள் என்று யாருக்கும் கணக்கு இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. முதல் வருஷம் அந்த நம்பருக்கு இரண்டு பேர் கூப்பிடலாம். அந்த இரண்டு பேருக்கு சாமியானாவுக்குக் கீழே, சீஃப் கெஸ்ட் வரிசைக்குப் பக்கத்தில் இடம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் மேடை கட்ட நிர்வாகத்திடம் கேட்கும்போது, யாருக்காக என்ற கேள்விக்குப் பெயரோடு பதில் இருக்கும்.

உங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்துக்கு அடுத்த முறை போகும்போது ஒரு டேப்பைக் கையில் கொண்டுபோங்கள். படிகளின் மொத்த உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்குங்கள். அவ்வளவு நீளச் சாய்தளம் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.